முன் பிரேக் பிடிக்காத பழைய பைக்: சீல் கிட் போடுவதா, புதுக் காலிப்பர் வாங்குவதா?

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்ற 150 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். இன்ஜினில் குறை இல்லை. முன் பிரேக் மட்டும், லீவர் கல்லாக இறுகுமளவுக்கு இழுத்தாலும் வண்டியை நிறுத்தவில்லை. கேட்ட இடங்களில் நான்கு யோசனைகள் வந்தன: பிரேக் பேடை மாற்று, காலிப்பரைப் பிரித்துச் சீல் கிட் போடு, புதுக் காலிப்பர் வாங்கிப் போடு, பழைய பாகக் கடையில் ஒன்று எடுத்துப் போடு. காலிப்பர் என்பது ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி, பேடுகளைச் சக்கரத்தின் டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம். சீல் கிட் என்பது அதன் உள்ளே போடும் ரப்பர் வளையங்கள். நான் சீல் கிட் போட்டேன். கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

செலவைப் பற்றி யோசிக்கும் முன் லீவரின் நடத்தையைக் கவனியுங்கள். பஞ்சுபோல் அமுங்கி, நாலைந்து முறை அழுத்திய பிறகு இறுகினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று இருக்கிறது. ஏர் எடுத்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால், போதும். இறுக்கிப் பிடித்திருக்கும்போதே மெல்ல உள்ளே இறங்கினால், லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கல்லாக இறுகியும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடில் எண்ணெய் ஏறியிருக்கலாம், அதன் மேல்பரப்பு கண்ணாடியாக மின்னத் தொடங்கியிருக்கலாம், அல்லது காலிப்பர் சிக்கியிருக்கலாம்.

பேட் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ஆனால் கழற்றிய பேட் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள். என் வண்டியில் பிஸ்டன் பக்கத்துப் பேட் தகடுவரை தேய்ந்திருந்தது, எதிர்ப்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. காலிப்பர் வழுக்கி நகர உதவும் பின்கள் (சிறு கம்பிகள்) இறுகிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. அந்த நிலையில் புதுப் பேடைப் போட்டால் அதுவும் அதேபோல் ஒரு பக்கமாகத்தான் தேயும்.

இந்த ஊரில் முடிவைத் தீர்மானிப்பது உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் முதல் புதுச்சேரி கடற்கரைச் சாலை வரை வெளியில் நிற்கும் வண்டி எதுவானாலும், அதன் மேல் படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. பின்களின் ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்தால் போதும், உள்ளே கிரீஸ் காய்ந்து துருப்பொடி சேர்ந்துவிடும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. காலிப்பர் அலுமினியத்தால் ஆனது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. அந்தப் பொடி சீலைப் பின்னாலிருந்து நெருக்கிப் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கிறது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அழுத்தும்போது லேசாக முறுகி, விட்டதும் நிமிரும் அந்தச் சீல்தான் இழுக்கிறது. பள்ளம் பொடியால் நிரம்பினால் அதற்கு முறுக இடமில்லை. கை கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு இந்தப் பிடியை மீறுவதிலேயே போய்விடும்.

ஆகவே சீல் கிட் வேலையில் புது ரப்பர் பாதிதான், பள்ளத்தைச் சுரண்டுவது மறுபாதி. என் காலிப்பரில் பழைய சீலை ஊசியால் நெம்பி எடுத்தபோது அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் இருந்தது. மெக்கானிக் அண்ணன் பித்தளைக் குச்சியால் அதைப் பொறுமையாக வழித்து எடுத்தார். பிஸ்டனை உப்புத்தாளால் தேய்க்கவில்லை. தேய்த்தால் குரோம் பூச்சு போய்விடும். அதில் குழிகள் இருந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றச் சொல்லியிருப்பார். சீலைப் பெட்ரோலில் கழுவுவது பல பட்டறைகளில் வழக்கம். அதை அனுமதிக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். பின்களுக்கும் சாதாரண கிரீஸ் ஆகாது, சிலிகோன் கிரீஸ்தான் போட வேண்டும்.

புதுக் காலிப்பர் நல்ல வழிதான், மறுக்கவில்லை. நேரம் மிச்சம், உடல் பகுதியே வெடித்திருந்தாலோ ஏர் எடுக்கும் நிப்பிள் முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டாலோ வேறு வழியும் இல்லை. ஆனால் சீல் கிட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் அதுவும் அதே காற்றில்தான் நிற்கப்போகிறது. பிரித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் அதே நிலைக்கு வந்துவிடும். பழக்கம் இருந்தால் பழைய காலிப்பரே பல ஆண்டுகள் உழைக்கும்.

பழைய பாகக் கடைக் காலிப்பரை நான் ஏற்கவில்லை. அது எந்தக் கடற்கரையில் நின்ற வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எப்படியும் அதற்கும் ஒரு சீல் கிட் போடத்தான் வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மட்டும் என் கணக்கு வேறு. உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடு விழுந்திருந்தால் கிட் போட்டும் பயனில்லை, புதிதாகவே வாங்கிவிடுங்கள். பிரேக் ஆயிலையும் முழுவதுமாக மாற்ற வேண்டும். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் அதன் கொதிநிலை, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான விதி. இங்கே அதைத் தள்ளிப்போடக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ரப்பர் ஹோஸுக்குப் பதில் எஃகு பின்னிய ஹோஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவரின் வண்டியைத் தவளக்குப்பம் வரை ஓட்டிப் பார்த்ததில் லீவர் இறுக்கமாக இருந்தது உண்மை. அது ஹோஸால் வந்ததா, அதோடு மாற்றிய புது ஆயிலால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் அந்தப் பணத்தை முதலில் காலிப்பருக்குச் செலவிடுங்கள்.

இவை எல்லாம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டிக்குச் சொன்னவை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் நான் கை வைத்ததில்லை. காலிப்பரும் பின்களும் அங்கேயும் இதேபோல்தான் இறுகும். ஆனால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளில் கணினிக் கருவியை இணைத்துத்தான் வெளியேற்ற முடியும். ஆகவே ஆயில் வேலையை மட்டும் அந்தக் கருவி உள்ள சர்வீஸ் மையத்தில் விடுங்கள்.