குளோனா, இமேஜா? சம்பா சீசனுக்கு முன் ஒரு கடைக்காரரின் கணக்கு

நவம்பர் முதல் பாதியில் மன்னார்குடிப் பக்கம் பொதுச் சேவை மையம் வைத்திருப்பவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலும் பாஸ்புக்குமாக வாசல்வரை ஆள் நிற்பார்கள். வெளியே அடைமழை, கரண்ட் வரும், போகும். அப்படி ஒரு வாரத்தில்தான் என் கடைக் கணினியின் டிஸ்க் படுத்தது. விண்டோஸ் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கைரேகைக் கருவி, ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் டிரைவர் தேடி, பாமினி எழுத்துருவை ஏற்றிப் பழைய நிலைக்கு வர இரண்டு நாள் போயிற்று.

இனி அப்படி மாட்டாமலிருக்க டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்து வைக்க இரண்டு வழி: குளோன், இமேஜ். குளோன் என்றால் நாற்று மாதிரி, பிடுங்கி நட்டால் போதும். கணினியைத் துவக்கும் பூட் பகுதி உட்பட டிஸ்க் முழுவதும் இன்னொரு டிஸ்க்கில் இருக்கும். பழையதைக் கழற்றி இதை மாட்டினால் பத்து நிமிடத்தில் கடை ஓடும். இமேஜ் கோட்டை கட்டி வைத்த விதைநெல். சுருக்கிய கோப்பாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். மாதத்துக்கு ஒன்றாக நாலைந்து தேதிகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பென்டிரைவில் பூட் செய்து, வேறொரு டிஸ்க்கில் இறக்கிய பிறகுதான் பயன்.

குளோன் எடுத்த நாளோடு நின்றுவிடும், அன்று வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அது பெரிய நஷ்டமில்லை. விண்ணப்பமெல்லாம் சர்வரில் இருக்கிறது; ஸ்கேன் செய்ததை ராத்திரி தனியே நகல் எடுத்துவிடுகிறேன். டேலி கணக்கு மென்பொருள் ஓடும் அரிசி ஆலைக்கோ கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவுக்கோ இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே இமேஜ்தான், அதோடு தினசரி நகலும்.

மென்பொருளில் குளோன்ஜில்லா இலவசம், நம்பகமானது. திரைதான் பயமுறுத்தும். மூலம் எது, இலக்கு எது என்று மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் பழையதன் மேல் ஏறிவிடும். அளவையும் மாடல் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் எண்டர் தட்ட வேண்டும். இலக்கு டிஸ்க் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கவேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே மாற்ற முடியாது, டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, முதலில் சுருக்கணும். மவுஸ் வேண்டுமென்றால் ரெஸ்க்யூஜில்லா. குளோன்ஜில்லா இமேஜையும் அது படிக்கும். இதே வேலையைச் செய்யும் மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நின்றுபோனது, பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேடி அலையாதீர்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட்டே கைகழுவிவிட்டது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆக, ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு குளோன், மேசை இழுப்பறையில். மாதம் ஒரு இமேஜ், அது வீட்டுப் பரணில். 2018இல் கஜா அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்க மனசு வருவதில்லை. குளோன் எடுத்த அன்றே பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதில் ஒரு முறை பூட் செய்து பார்த்துவிடுவேன். இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தால் ஒரே அடையாள எண் என்று விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். விதைநெல்லையும் விடுவதில்லை: கழித்துப்போட்ட பழைய கணினி டிஸ்க்கில் வருஷம் ஒரு தடவை இறக்கி, முளைக்கிறதா என்று பார்க்கிறேன்.