நோட்டின் முதல் பக்கம்: கையால் வரைவதா, கணினியில் அச்சிடுவதா?

நேரம் இருந்தால் பிள்ளையைக் கையால் வரையவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பென்சிலில் மெல்லிய பார்டர், நடுவில் பாடத்தின் பெயர், கீழே ஒரு சின்னப் படம், போதும். சிக்கல் எழுத்தில்தான் வரும். எழுத்துகளை எண்ணி நடுவிலிருந்து தொடங்கினாலும், தமிழில் 'ணை', 'கொ' எல்லாம் 'ர'வைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அதனால் முதலில் துண்டுத்தாளில் எழுதி அகலத்தை அளந்துகொள்வது நல்லது. ஸ்கெட்ச் பேனா மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறும், கலர் பென்சில் ஊறாது.

கணினியில் என்றால் ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு எல்லாப் பாடத்துக்கும் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெரிய வசதி. ஏ4 தாள் 210 × 297 மி.மீ., பாதியாக வெட்டினால் 148 × 210. நோட்டை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்கள் தாளின் விளிம்பு வரை அச்சிடாது, பார்டரை 1 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். அப்புறம், இங்க்ஜெட் அச்சில் ஈரக்கை பட்டால் மை கலையக்கூடும்.

சின்னப் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துவிடலாம்: பெயரும் பார்டரும் அச்சில், படத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம். அதில் யானை கோணலாக வந்தாலும் நீங்கள் அழித்துத் திருத்தாதீர்கள்.