ஃப்ளைட்ரேடார்24: சாங்கிக் கடற்கரையில் நிற்பவருக்கும் திருச்சிக்குப் பறப்பவருக்கும்

விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகள் பல உண்டு. சிங்கப்பூரில் பலர் கைப்பேசியில் இருப்பது ஃப்ளைட்ரேடார்24. சுவீடனில் விமானப் பித்துள்ள இருவர் 2006இல் தொடங்கியது. 2022 ஆகஸ்டு 2ஆம் தேதி, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வந்துவிட்டுத் தைப்பே சென்ற அன்றைய அமெரிக்க நாடாளுமன்ற அவைத் தலைவர் நான்சி பெலோசியின் விமானத்தை இதில் 29 லட்சம் பேர் பார்த்தார்கள். நமக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நாளை நான் ஏறப்போகும் விமானம் இப்போது எங்கே நிற்கிறது? அந்தக் கேள்விக்கு இந்தச் செயலி தருகிற பதிலை வேறெந்த அறிவிப்புப் பலகையும் தருவதில்லை. ஆனால் அதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் பயணியின் பக்கம். விமான எண்ணைத் தேடுங்கள். விமானம் ஒதுக்கப்பட்டிருந்தால் பதிவெண் தெரியும்: சிங்கப்பூர் விமானம் என்றால் 9வி, இந்திய விமானம் என்றால் விடி என்று தொடங்கும். அதைத் தட்டினால் அந்த விமானம் அன்று எங்கெங்கே போனது, இப்போது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வரும். திருச்சியிலிருந்து வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பும் விமானம் அங்கிருந்தே இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், உங்கள் பயணமும் அவ்வளவு தள்ளிப்போகும் என்று விமான நிறுவனத்தின் குறுஞ்செய்திக்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்த உத்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்காது. விமானம் தன் சொந்த ஊரில் இல்லாத இடத்தில்தான் கணிப்பு உறுதியானது. சிங்கப்பூரின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டில் திருச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சிங்கப்பூர் திரும்புகிறீர்கள் என்றால், சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும் அதே விமானம்தான் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். அங்கே மாற்று விமானம் கிடையாது. அதே ஸ்கூட்டில் சாங்கியிலிருந்து கிளம்பும்போது கதை வேறு. இங்கே அவர்களிடம் பல விமானங்கள் நிற்கும், கடைசி நேரத்தில் ஒன்றை மாற்றி அனுப்ப முடியும். இந்தியாவைச் சொந்த ஊராகக் கொண்ட இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களுக்கு இது தலைகீழ்: இந்தக் கணிப்பைச் சாங்கியில் நம்பலாம், இந்தியாவில் நம்பக் கூடாது.

தாமதம் தெரிந்துவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பயணப் பதிவு முகப்பு பொதுவாக அட்டவணை நேரத்துக்கு 60 நிமிடம் முன்பு மூடப்படும். நிறுவனம் அதிகாரபூர்வமாக நேரத்தை மாற்றாதவரை, விமானம் வங்காள விரிகுடாவின் மேல் பறந்துகொண்டிருந்தாலும் முகப்பு மூடும் நேரம் மாறாது. செயலியைப் பார்த்துக் காத்திருப்பு அறையில் சாப்பிட நேரம் ஒதுக்கலாம்; வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

தேடும்போது தடுமாறவைப்பவை இரண்டு. ஒன்று, பயணச்சீட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ எண் இருக்கும், ஆனால் பறப்பது ஸ்கூட். அப்போது ஸ்கூட்டின் டிஆர் எண்ணைத் தேட வேண்டும். மற்றொன்று நேரம். செயலியின் அமைப்பில் உலகப் பொது நேரம் இருந்தால் சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னே, இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே. நள்ளிரவு 12.30க்குச் சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் முதல் நாள் தேதியில் போய் ஒளிந்துகொள்ளும். அமைப்பில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கும் இது உதவும். சென்னை, திருச்சி விமானங்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைப் பக்கமாக இறங்கி வரும். கோலாலம்பூரை நெருங்கும்போது சிங்கப்பூரின் மேற்கில் உள்ள ஜூரோங்கிலிருந்து கிளம்பினால், குடிநுழைவும் பெட்டியும் முடிந்து அவர்கள் வெளியே வரும் நேரத்துக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். செயலியில் தரையிறங்கியது என்றால் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது என்று மட்டுமே பொருள். மின்னல் அபாயம் இருக்கும்போது தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்துவார்கள். பெட்டிகள் விமான வயிற்றிலேயே காத்திருக்கும்.

கடல் நடுவே விமானம் நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிந்தால் அது கணிப்பு, நேரடித் தகவல் அல்ல. விமானம் தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் ஒலிபரப்புகிறது. தரையில் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் அலைவாங்கிகள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. நேர்பார்வைத் தொலைவு வேண்டும் என்பதால், மிக உயரத்தில் பறந்தால்கூட ஓர் அலைவாங்கிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்தான் எல்லை. நடுக்கடலில் துணைக்கோள் பிடித்தால் சின்னம் நீல நிறத்தில் வரும். எதுவும் பிடிக்காவிட்டால் செயலி கடைசி வேகத்தையும் திசையையும் வைத்து நகர்த்தும். திடீரென்று மறைந்துபோனால் பதற வேண்டியதில்லை. 7700 என்ற அவசரக் குறியீடு வந்தாலும் அப்படித்தான். பல சமயம் பயணி ஒருவருக்கு உடல்நலக் குறைவாக இருக்கும்.

சாங்கிக் கடற்கரைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு இதன் அருமை ஓடுபாதைத் திசையில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விமானங்கள் வடக்கிலிருந்து கடற்கரைக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று. தெற்கிலிருந்து இறங்கும், கடற்கரைப் பக்கம் கிடைப்பது மேலேறும் விமானங்கள்தான். இடைப்பட்ட மாதங்களில் ஒரே நாளில் திசை மாறும். ஆகவே 2ஆம் எண் பேருந்தில் ஏறுமுன், 3,000 அடிக்குக் கீழே சாங்கியை நோக்கி இறங்கும் ஒரு விமானத்தைத் தட்டிப் பறக்கும் திசையைப் பாருங்கள். 203 பாகைக்கு அருகே, அதாவது தெற்கு நோக்கி இருந்தால் கிளம்பலாம். 23க்கு அருகே, அதாவது வடக்கு நோக்கி என்றால் தரையிறங்கும் படம் அன்று கடற்கரையில் கிடைக்காது.

அங்கே நின்று உயரத்தைப் பார்த்துக் குழம்புவோர் உண்டு. விமானம் அனுப்புவது 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொதுவான காற்றழுத்தத்தை அடிப்படையாக வைத்த அழுத்த உயரம். சிங்கப்பூரில் கடல்மட்ட அழுத்தம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 1009 என்றால் திரையில் ஏறத்தாழ 110 அடி கூடுதலாகக் காட்டும். ஆகவே தலைக்கு மேலே உண்மையில் செயலி சொல்வதைவிடத் தாழ்வாகவே போகிறது. கைப்பேசியை வானத்தை நோக்கிப் பிடித்தால் விமானத்தின் பெயர் தெரியும் வசதியும் உண்டு. காருக்குப் பக்கத்தில் நின்றால் திசைகாட்டி பிசகும். பத்து அடி தள்ளிப்போய்க் கைப்பேசியை எட்டு வடிவில் சுழற்றினால் சரியாகும்.

பதிவெண்ணின் அடுத்த எழுத்துகளைப் பழகிக்கொண்டால் சின்னத்தைப் பார்க்காமலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தின் இனம் தெரியும்: 9வி-எஸ்கே என்றால் ஏ380, 9வி-எஸ்சி என்றால் 787-10, 9வி-எஸ்டபிள்யூ என்றால் 777-300இஆர். போர் விமானங்களை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை திரையில் வருவதே இல்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் விமானப் படைத்தளத்தைப் படமெடுக்கத் தடை உண்டு. விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடவும் கூடாது.

பணம் கட்ட வேண்டுமா? விமான எண், பதிவெண், 7 நாள் வரலாறு ஆகியவை இலவசத்திலேயே கிடைக்கின்றன, விளம்பரத்தோடு. ஊருக்குப் போகிறவர்களுக்கு அது தாராளம். கட்டணச் சந்தாக்களில் சில்வர் 90 நாள், கோல்டு 365 நாள் வரலாறு தருகின்றன. கோல்டில் மழை, மின்னல் படலங்களும் வான்வழி வரைபடங்களும் சேரும். விடியற்காலைச் சுமத்ரா புயல்காற்றில் விமானங்கள் ஏன் வட்டமடிக்கின்றன என்று அறிய ஆசைப்படுபவருக்கு அது தகும். சொந்தமாக அலைவாங்கி அமைத்துத் தரவு அனுப்புவோருக்கு உயர்நிலைச் சந்தா இலவசம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, யுஎஸ்பி வானொலி அலைவாங்கி, கால் அலைநீளமான 6.9 சென்டிமீட்டர் கம்பி ஆன்டெனா போதும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சன்னலில் வைத்தால் எதிரில் புளோக் இல்லாத திசை மட்டுமே கேட்கும். வாங்குமுன் தகவல்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏவின் விதிகளையும் பார்த்துவிடுங்கள். நுழைவாயில் எண்ணுக்கு மட்டும் எப்போதும் சாங்கி விமான நிலையத்தின் பலகையையே நம்புங்கள்.