ராக்கெட் கிட்டுக்குப் பெரிய மோட்டார் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு மாடல் ராக்கெட் கிட் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது பண நஷ்டம் மட்டும் என்றால் விட்டிருப்பேன். என் மகன் நிற்கும் இடத்தை நோக்கியே அந்த ராக்கெட் திரும்பி வந்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். அட்டைக் குழாய், பால்சா மரத் துடுப்பு, பிளாஸ்டிக் மூக்கு என்று ஒரு கிட்டைப் பொறுமையாக ஒட்டி முடித்து அலமாரியில் வைத்திருந்தான். 41 மில்லிமீட்டர் குழாய், 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். 18 மில்லிமீட்டர் மோட்டாருக்கான கிட் அது, அதாவது சி6 வகை வரைக்கும். சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஹியூஸ்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அங்கே ராக்கெட் கிளப்பில் முறையாகப் பறக்கவிடலாம் என்று தம்பி சொல்லியிருந்தார். மகனுக்கு அதைவிடப் பெரிய டி12 மோட்டார் போட வேண்டும் என்று ஆசை. அது 24 மில்லிமீட்டர். உள்ளே மோட்டார் உட்காரும் குழாயையே மாற்ற வேண்டும்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒருவரைத் தொடர்புகொண்டேன். தமிழர், முப்பது வயது இருக்கும். தேக்கா உணவங்காடியில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ராக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, கவலையே படாதீங்க. டி போட்டா இது சும்மா பிச்சுக்கிட்டுப் போகும். டி12-7 வாங்குங்க, அதுதான் இருக்கறதுலயே பவர்" என்றார். மாற்றித் தர 120 வெள்ளி. திரும்பி வந்ததும் இங்கேயே பறக்கவிட இரண்டு பாக்கெட் மோட்டாருக்கு முன்பணம் 90 வெள்ளி. உரிமம், அனுமதி எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேநவ்வில் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ராக்கெட் வந்தது. வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பேலன்ஸ் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "கயிறு கட்டிச் சுத்திப் பாத்துட்டேன் அக்கா, நேரா நிக்குது" என்றார்.

ஹியூஸ்டனில் பறக்கவிடும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தம்பி அதை வாங்கிப் பார்த்தார். மோட்டார் குழாய்க்குள் விரலை விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டு, "அக்கா, இதை யார் செஞ்சது?" என்றார்.

மோட்டார் எரியும்போது ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள, குழாயின் மேல் முனையில் தடித்த அட்டை வளையம் ஒன்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லவே இல்லை. மோட்டாரைப் பிடிக்கும் இரும்புக் கொக்கியின் மேல் முனை குழாயைத் துளைத்து உள்ளே வளைந்திருக்க வேண்டும். இதில் வெளிப்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தியிருந்தால் மோட்டார் மட்டும் கிளம்பிப் பாராசூட்டைக் கிழித்துக்கொண்டு மூக்கு வழியாகப் போயிருக்கும். மோட்டார் குழாயை உடல் குழாயின் நடுவில் பிடிக்கும் வளையங்களைச் சூட்டுப் பசையால், பள்ளிக் கைவேலைக்குத் துப்பாக்கியில் வைத்து உருக்குவோமே அதே பசையால், ஒட்டியிருந்தார். எரிந்த மோட்டாரின் கூடு நன்றாகச் சுடும். அந்தச் சூட்டில் இந்தப் பசை இளகிவிடும். மரப் பசையோ எப்பாக்சியோதான் போட வேண்டும் என்று தம்பி மகனுக்கு விளக்கினார்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். என்னை நடுங்க வைத்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான்.

தம்பி கடையில் வாங்கி வைத்திருந்த டி12 ஒன்றை உள்ளே செருகினார். ராக்கெட் சமநிலையாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டி, பின்கட்டில் தலைக்கு மேலே சுழற்றினார். மூக்கு முன்னால் போக வேண்டும். ஆனால் ராக்கெட் குறுக்காகத் திரும்பி, வால் முன்னால் வந்துவிட்டது. மறுபடி சுழற்றினார், மறுபடியும் வால்தான். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தில் என்ன நடந்திருக்கும் என்பது அவனுக்கே புரிந்துவிட்டது.

காரணம் சிக்கலானது இல்லை. சி6 மோட்டார் சுமார் 24 கிராம். டி12 சுமார் 43 கிராம். கூடுதல் எடை முழுக்க வாலில் போய் உட்காருகிறது, எடையின் மையம் பின்னால் இழுபடுகிறது. காற்று தள்ளும் மையமோ துடுப்பையும் உடலின் வடிவத்தையும் பொறுத்தது, அது நகராது. எடையின் மையம் காற்றின் மையத்துக்கு முன்னால், குறைந்தது உடல் குழாயின் விட்டம் அளவுக்கு இருக்க வேண்டும். எங்கள் ராக்கெட்டுக்கு அது நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். எங்களுடையது அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பெரிய மோட்டார் போட்டால் மூக்குக்குள் களிமண் வைத்து எடை கூட்ட வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். 120 வெள்ளி வாங்கியவர் ஒரு கிராம்கூட வைக்கவில்லை.

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். "சுத்திப் பாத்தேன்னு சொன்னீங்களே தம்பி, எந்த மோட்டாரைப் போட்டுச் சுத்தினீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "மோட்டார் இல்லாமத்தான் அக்கா" என்றார். மோட்டார் இல்லாத ராக்கெட்டில் வால் காலியாக இருக்கும், மூக்குதான் கனக்கும், நேராகத்தான் நிற்கும். அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. தெரியாமல் செய்தாரா, தெரிந்தும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது பொய்.

மோட்டார் கையில் இல்லை என்பது சாக்கு ஆகாது. நம் 50 காசு நாணயம் (2013ல் வந்த புதிய வரிசை) 23 மில்லிமீட்டர் அகலம், ஆறரை கிராம் எடை. 24 மில்லிமீட்டர் குழாய்க்குள் போய்விடும். ஆறு ஏழு நாணயத்தைச் செய்தித்தாளில் வைத்து, 70 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுருட்டி, நாணயங்கள் நடுவில் இருக்கும்படி டேப் போட்டால் டி12-ன் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். அதைச் செருகிக் கயிறு கட்டி உங்கள் முன்னால் சுழற்றச் சொல்லுங்கள். வீட்டு வரவேற்பறை போதாது, கீழே வெற்றுத்தளத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் தேக்காவிலேயே முடிந்திருக்கும் இந்தக் கதை.

டி12-7 விஷயமும் அதே மாதிரிதான். எழுத்து மொத்த உந்தலை, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவைச் சொல்கிறது. சி என்றால் 10 நியூட்டன் வினாடி வரை, டி என்றால் 20 வரை. அடுத்த எண் சராசரி உந்துவிசை. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 7 பவரே இல்லை. எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டை வெளியே தள்ள எத்தனை வினாடி ஆகும் என்பதுதான் அது. எங்கள் ராக்கெட்டுக்கு 5 போதும் என்றார் தம்பி. 7 போட்டிருந்தால் உச்சியைத் தாண்டி மூக்குக் கீழாக வேகம் எடுத்த பிறகு பாராசூட் திறந்து, நூல் அறுந்திருக்கும். இந்த எண்ணைக்கூடப் படிக்கத் தெரியாதவர் காசு வாங்கிக்கொண்டு மோட்டார் மாற்றித் தருகிறார்.

இனி அந்த 90 வெள்ளி. அதே போன் பேச்சில் அவர் கேட்டது இது: "அக்கா, வரும்போது ரெண்டு பாக்கெட் டி12 பெட்டியில போட்டுக் கொண்டு வந்துடுங்க, துணிக்கு நடுவுல வெச்சா தெரியாது." எனக்குத் தருவதாக முன்பணம் வாங்கிய மோட்டாரை என்னையே கடத்திக்கொண்டு வரச் சொல்கிறார்! அவரிடம் மோட்டாரும் இல்லை, உரிமமும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, விமானத்துல இதைத் தொடவே கூடாது" என்றார். கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. அது கருமருந்து, வெடிபொருள். சிங்கப்பூருக்குள் காவல்துறை உரிமம் இல்லாமல் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். 1972லிருந்து பட்டாசுக்கே தடைச் சட்டம் இருக்கும் ஊர் இது. சாங்கியில் பெட்டியைத் திறந்திருந்தால் மகனோடு நான்தான் நின்றிருப்பேன், அவர் இல்லை.

இங்கே ஏதாவது திடலில் பறக்கவிடலாம் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சாங்கி, சிலேத்தார், செம்பவாங், பாய லேபார், தெங்கா என்று இந்தத் தீவைச் சுற்றி ஓடுபாதைகள். டி மோட்டாருக்கு அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி கேட்கும் திடலே குறைந்தது 150 மீட்டர் அகலம். அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் அந்தக் காகிதத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

மகன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் தம்பியும் அவனும் உட்கார்ந்து பழைய மோட்டார் குழாயைப் பிய்த்து எடுத்தார்கள். சூட்டுப் பசை என்பதால் எளிதாகவே வந்துவிட்டது. புதுக் குழாய், புது வளையங்கள், மேலே தடுப்பு வளையம், கொக்கி எல்லாம் போட்டு மரப் பசையால் ஒட்டி இரண்டு இரவு காயவைத்தார்கள். மூக்குக்குள் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, ஒவ்வொரு முறையும் சுழற்றிப் பார்த்தார்கள். ஐந்தாவது தடவை மூக்கு முன்னால் வந்து அப்படியே நின்றது. திடலில் பாதுகாப்பைப் பார்ப்பவர் ராக்கெட்டை வாங்கி, சமநிலையை எப்படிச் சரிபார்த்தாய் என்று மகனிடம்தான் கேட்டார். அவன் கயிற்றைக் காட்டினான். ஐந்து மீட்டர் தள்ளி நின்று அவனே பொத்தானை அழுத்தினான். நேராகப் போனது. ஆரஞ்சுப் பாராசூட் விரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து 210 வெள்ளியையும் கேட்டேன். "பறந்துச்சுல்ல அக்கா, அப்புறம் என்ன?" என்று ஒரு குறுஞ்செய்தி. அடுத்த நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். முன்பணத்துக்கும், பெட்டியில் கொண்டுவரச் சொன்னதற்கும் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். வேலைக்குக் கொடுத்த 120-க்கு ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்தில் பதியப் போகிறேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

பிய்த்தெடுத்த பழைய குழாயை செலோடேப்போடு அப்படியே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது மாற்றிக் கொடுத்திருந்தால், கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாமல் படம் எடுத்து, பேநவ் பதிவு, பேசிய குறுஞ்செய்தி எல்லாவற்றோடும் வைத்துக்கொள்ளுங்கள்.