612 டாலர் போய்விட்டது: கைத்துப்பாக்கியை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள்

612 டாலர் ஏமாந்திருக்கிறேன். நேற்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. டெக்சாஸில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எந்தத் துப்பாக்கி, எப்படி வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஹூஸ்டனுக்கு வெளியே கேஸ் ஸ்டேஷனை ஒட்டிய சிறு கடை எங்களுடையது. இரவு 11 மணிக்கு ஷட்டரைப் பூட்டிவிட்டு, கல்லாப் பணத்தோடு கார் வரை நடப்பது நான்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் புகுந்து, கல்லாவில் நின்ற பையனின் மண்டையை உடைத்துவிட்டார்கள். ஏழு தையல். அதற்குப் பிறகுதான் எப்போதும் உடம்போடு இருக்கும்படி சிறிய கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன். 2021 செப்டம்பர் முதல் இங்கே 21 வயது நிறைந்தவர்கள், சட்டத்தடை ஏதும் இல்லையென்றால், தனி உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தும் நான் வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கினேன். எதையும் குறுக்கு வழியில் செய்யவில்லை.

சுடுதளத்தில் சில கைத்துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்து இரண்டு சனிக்கிழமைகள் சுட்டுப் பார்த்தேன். கிளாக் 19 கையில் அசையாமல் நின்றது, 15 தோட்டாக்கள் பிடிக்கும். ஆனால் குர்தாவுக்குள் வைத்தால் பிடி துருத்திக்கொண்டு தெரிந்தது. ஐந்து குண்டு ரிவால்வர் நன்றாக மறைந்தது, டிரிகரை இழுப்பதற்குள் என் விரல் வலித்தது. சிக் சாவர் பி365 தான் எனக்கு ஒத்துவந்தது. ஒரு அங்குலத் தடிமன், 10 தோட்டாக்கள், தோட்டா இல்லாமல் சுமார் அரைக் கிலோ. சுண்டுவிரல்தான் அந்தரத்தில் நின்றது; அடிப்பகுதி சற்று நீண்ட மேகசின் (தோட்டாக்கூடு) மாட்டியதும் அதுவும் சரியாயிற்று.

உள்ளூர்க் கடையில் நான் கேட்ட வகை இருப்பில் இல்லை. இணையத்தில் ஒரு துப்பாக்கிக் கடை 419 டாலர் என்று போட்டிருந்தது. விலையைப் பார்த்து நான் மயங்கவில்லை, சந்தேகம்தான் வந்தது. அதனால் ஆழம் பார்க்க, "வீட்டுக்கே அனுப்புவீர்களா?" என்று கடைக்காரனிடம் கேட்டேன்.

"முடியாது மேடம். உங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ள டீலருக்குத்தான் அனுப்புவோம். அங்கே 4473 என்ற அரசுப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும்" என்றான். தங்கள் லைசென்ஸ் நகலையும் அவனே அனுப்பிவைத்தான்.

அந்த ஒரு பதிலில்தான் விழுந்தேன். சட்டத்தை இவ்வளவு பிசகாமல் சொல்கிறவன் திருடனாக இருப்பான் என்று எப்படி நினைப்பது?

துப்பாக்கிக் கடைகளுக்குக் கார்டு நிறுவனங்கள் தொல்லை தருகின்றன, வங்கிச் செயலி வழியாக அனுப்புங்கள் என்றான். பெறுபவர் இடத்தில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். எங்கள் கணக்காளர் என்றான். குறிப்பில் துப்பாக்கி என்று எழுத வேண்டாம், 'பரிசு' என்று எழுதுங்கள் என்றான். எழுதினேன். என் விரலாலேயே 'பரிசு' என்று தட்டி, எல்லாம் சேர்த்து 462 டாலர் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, பார்சல் காப்பீட்டுக்கு 150 டாலர், பொருள் வந்ததும் திருப்பித் தருவோம் என்று அஞ்சல் வந்தது. எதிரே லாட்டரி டிக்கெட்டுக்கு ஆள் காத்து நிற்க, அதையும் அனுப்பினேன். ஆக 612.

அதன் பிறகு எல்லாம் தட்டிக்கழிப்புதான். "உங்கள் கவலை புரிகிறது, 24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." எழுத்து மாறாமல் இதே வரி நான்கு முறை வந்தது. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. வங்கியை அழைத்து 40 நிமிடம் காத்திருந்தால், "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்கிறார்கள். 612 டாலர் அவர்களுக்கு ஒரு தொகையே இல்லை. எனக்கு அது எத்தனை இரவு நின்ற கூலி!

நேற்று உள்ளூர் டீலரிடம் அந்த லைசென்ஸ் நகலைக் காட்டினேன். எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்தையும் துப்பாக்கிக் கடைகளுக்கு லைசென்ஸ் தரும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப்.பின் சரிபார்ப்புப் பக்கத்தில் தட்டினார். லைசென்ஸ் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு மாநிலத்தில் இருக்கும் வேறொரு கடையுடையது. பத்து விநாடி வேலை. பணம் கட்டும் முன் நான் செய்திருக்க வேண்டியது.

துப்பாக்கித் தேர்வு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். டிரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை வாங்குங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக வாங்கவே தடை உண்டு, விதிவிலக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கார்டு எடுக்காத கடைக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள். லைசென்ஸ் எண்ணோடு முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலீசிலும் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்ப் பக்கத்திலும் பதிவு செய்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து இன்னொரு செய்தி வந்திருக்கிறது. பார்சல் கிடங்கில் நிற்கிறதாம், 90 டாலர் கட்டினால் இன்றே கிளம்புமாம். பதில் போடவில்லை. படம் எடுத்துப் புகாரோடு சேர்க்கப் போகிறேன்.