கான்கார்டு நடைச் சுற்றுலா: நாலு எழுத்தாளர்களும் ஒரு திராட்சைக்காரரும்

ஊரிலிருந்து யார் வந்தாலும், பாஸ்டனைக் காட்டி முடித்த மறுநாள் காலையில் "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இந்த முறை வந்தது என் மாமியார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மாலில் கொண்டுபோய் உட்காரவைக்க மனசு வரவில்லை. பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தள்ளியிருக்கும் கான்கார்டில், அங்கே வாழ்ந்த பெரிய ஆட்களின் வீடுகளைக் காட்டும் நடைச் சுற்றுலா ஒன்றுக்குப் பதிவு செய்தேன். (உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'காங்கர்டு'. நாம் எழுத்துக் கூட்டிச் சொன்னால் சிரிக்கிறார்கள்.) ஆளுக்கு 30 டாலர், 3 மணி நேரம். நடத்தும் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், வழிகாட்டியோ வயதில் பெரியவர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்குக் கதை சொல்ல வருகிறது. பிறந்த வருஷம், இறந்த வருஷம் என்று ஒப்பிக்காமல், யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், யார் வீட்டை யார் வாங்கினார் என்று திண்ணையில் உட்கார்ந்து வம்பளப்பதுபோல் சொன்னார். இந்த ஊருக்கு அதுதான் சரி. கட்டுரையாளர் எமர்சன் 1835-இல் இங்கே வீடு வாங்கினார். 'வால்டன்' என்ற புத்தகம் எழுதிய தோரோ, அந்த வீட்டிலேயே தங்கித் தோட்டவேலை, தச்சுவேலை எல்லாம் பார்த்தவர். 1845-இல் வால்டன் குளக்கரையில் 10 அடிக்கு 15 அடியில் தோரோ போட்ட குடிசைக்கு நிலம் எமர்சனுடையது. செலவு 28 டாலர் 12½ சென்ட். அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1842-இல் நாவலாசிரியர் ஹாத்தோர்ன் கல்யாணமான கையோடு இங்கே வாடகைக்கு வந்தபோது, காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுத்தவரும் தோரோதான். நாலாவது எழுத்தாளரான லூயிசா மே ஆல்காட்டின் குடும்ப வீட்டை 1852-இல் ஹாத்தோர்ன் வாங்கினார். சில வருஷம் கழித்து ஊர் திரும்பிய ஆல்காட் குடும்பம், போயும் போயும் அதற்குப் பக்கத்து வீட்டை வாங்கியது. தோரோ இறந்துபோன வீட்டையும் பிற்பாடு அவர்கள்தான் வாங்கினார்கள்.

"ஏம்மா, இவங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையா?" என்றார் அத்தை.

அந்தப் பக்கத்து வீடுதான் ஆர்ச்சர்ட் ஹவுஸ். இந்த டூர் அதன் வாசலோடு சரி. நாங்கள் பிற்பகலில் தனியாக டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். அவர்களுடைய வழிகாட்டியோடுதான் போக முடியும், படம் எடுக்கக் கூடாது. மாடியில் லூயிசா மே ஆல்காட்டின் அறை. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, அவருடைய அப்பா அடித்துக் கொடுத்த அரைவட்டப் பலகை. மேஜை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு தாளும் ஒரு மைக்கூடும் வைத்தால் முழங்கை வெளியே தொங்கும். 1868-இல் 'லிட்டில் விமன்' நாவலை எழுதியது அதன்மேல்தான். அத்தை அதன் முன்னால் நின்றுவிட்டார்; அடுத்த குழு வந்த பிறகுதான் நகர்ந்தார். தங்கை மே வரைந்த படங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன. மேயிடம் பாடம் கேட்ட உள்ளூர்ப் பையன் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச்தான், வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த லிங்கனை வடித்தவர். இது ஒன்றுக்காகவே உள்ளே போகலாம்.

இனி குறை. நாங்கள் 19 பேர், அவரிடம் மைக் இல்லை. லெக்சிங்டன் சாலையில் லாரி போகும்போதெல்லாம் பாதிக் கதை காற்றோடு போனது. பரிசுப்பொருள் கடை ஒன்றில் 25 நிமிஷம் நிறுத்திவிட்டு, நேரமாகிவிட்டது என்று மற்ற இடங்களில் விரட்டினார். அதில் அடிபட்டவர் எஃப்ரைம் புல். ஹாத்தோர்ன் வீட்டைத் தாண்டி இருக்கிறது அவர் வீடு. "இவர்தான் கான்கார்டு திராட்சையைக் கண்டுபிடித்தவர்" என்று நடந்துகொண்டே ஒரு வரி, அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் குளிருக்குத் தாங்கும், சீக்கிரம் பழுக்கும் கொடி வேண்டும் என்று விதை விதையாகப் போட்டுப் பார்த்து, 1849-இல் அதைக் கண்டவர் அவர். கன்று 5 டாலருக்கு விற்றார். நாற்றுப்பண்ணைக்காரர்கள் அதை வாங்கி, வெட்டி நட்டுப் பெருக்கி விற்றார்கள். அப்போது செடிக்குக் காப்புரிமை கிடையாது. அந்தச் சட்டம் 1930-இல்தான் வந்தது. 1869-இல் வெல்ச் என்பவர் அதே பழத்தில் சாறு எடுத்துப் புட்டியில் அடைக்க, அது பெரிய வியாபாரமானது. புல்லுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு எழுத்தாளர்கள் இருக்கிற ஊரில் தோட்டக்காரரை யார் கேட்கிறார்கள்!

என் மதிப்பு ஐந்துக்கு மூன்றரை. இன்னொன்று, தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சின்ன பிளாஸ்டிக் புட்டித் தண்ணீர் விற்பதை 2013-லேயே தடை செய்த ஊர் இது. எனக்குத் தெரிந்தும் மறந்துவிட்டேன்.

கடைசி நிறுத்தம் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டம். இதற்குக் கட்டணம் கிடையாது, டூர் இல்லாமலும் போகலாம். எழுத்தாளர் மேடு செங்குத்தானது, வேர்கள் தடுக்கும். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உயிரோடு இருந்தபோது போலவே இங்கேயும் நால்வரும் அக்கம்பக்கம். எமர்சனுக்குச் செதுக்காத பெரிய பாறை. தோரோவுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத கல், அதில் 'ஹென்றி' என்று மட்டும். அதைச் சுற்றிலும் பென்சில்கள். அவர் குடும்பத் தொழில் பென்சில் செய்வது. கிராஃபைட்டில் களிமண் கலந்து அதன் தரத்தை உயர்த்தியவர் அவர். அத்தை ஒன்றை எடுத்து முனையைப் பார்த்தார். "சீவாமலே வச்சிருக்காங்களே" என்று திரும்ப வைத்துவிட்டார்.

டூர் அங்கேயே முடிந்தது. புல்லும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார், ஆனால் அந்த மேட்டில் இல்லை. நாங்களே தேடிப் போனோம். கல்லில் இருந்ததை அத்தைக்குத் தமிழில் சொன்னேன்: "அவர் விதைத்தார், பிறர் அறுத்தனர்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கேட்டார்: "பேத்தி டப்பாவுல தினம் ரொட்டிக்கு நடுவுல தடவுறியே, கருநீலமா ஒரு ஜாம்?"

"அதே பழம்தான் அத்தை."