ஸ்க்ரமா, கன்பானா? எங்கள் டீமுக்கு எது சரிவந்தது

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் சப்போர்ட் டீமில் இருக்கிறேன். ஸ்க்ரம், கன்பான் இரண்டும் ஒரு டீம் தன் வேலையைத் திட்டமிட்டு நடத்தும் முறைகள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்க்ரமில் வேலையை ஸ்பிரிண்ட் எனும் குறுகிய காலத் தவணைகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்று அதிகபட்சம் ஒரு மாதம், நாங்கள் 2 வாரம் வைத்தோம். தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுவது, முடிவில் எது சரியாகப் போகவில்லை என்று அலசுவது. புதிதாக ஒன்றைக் கட்டும் டீமுக்கு அருமை. ஆனால் எங்களுக்கோ திங்கட்கிழமை போட்ட திட்டம் புதன்கிழமையே கலைந்துவிடும், ஏனென்றால் வாடிக்கையாளரின் புகார் ஸ்பிரிண்ட் முடியட்டும் என்று காத்திருக்காது.

கன்பான், டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் விற்ற அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புவதிலிருந்து வந்த யோசனை. இதில் உயிர்நாடி, ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் கையில் இருக்கலாம் என்ற வரம்பு. பலர், எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் போர்டை மாட்டிவிட்டு வரம்பை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அது வெறும் பட்டியல்தான். நாங்கள் 6 பேர், வரம்பு 5. நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் எடுக்காமல், தேங்கி நிற்பதை எல்லோரும் சேர்ந்து முடிக்க வேண்டும். அடைப்பு டெஸ்டிங்கில்தான் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது.

புது ப்ராஜெக்ட் என்றால் இன்றும் ஸ்க்ரம்தான் கேட்பேன். அந்த அலசும் கூட்டத்தை மட்டும் கன்பானிலும் விடாமல் நடத்துகிறோம்.